அபயக்குரலும் அமானிதமும்

அபூ மர்யம் அல்அஸ்தீ (ரலி) என்னும் ஸஹாபி, ஆட்சிப் பொறுப்பில் இருந்த முஆவியா (ரலி) அவர்களைக் காண வந்தார்கள். வந்தவர் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களிடம் தாம் செவியுற்ற ஒன்றை எடுத்துச் சொல்லவே வந்தார்கள். மக்களின் காரியங்களில் ஒன்றை அல்லாஹ் ஒருவரிடம் ஒப்படைத்திருக்க, அவர் அம்மக்களின் தேவைக்கும் வறுமைக்கும் முன்னால் திரை போட்டுக்கொண்டால், அவருக்குத் தேவை வரும் நாளில் அல்லாஹ்வும் அவருக்குத் திரையிட்டுவிடுவான் என்பது அச்செய்தியின் கருத்து. கேட்ட முஆவியா (ரலி) அவர்கள் வாதம் செய்யவில்லை, சமாதானம் சொல்லவில்லை. மக்களின் தேவைகளைக் கேட்டறிவதற்கென்றே ஓர் ஆளை நியமித்தார்கள். இந்த ஹதீது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் திரை என்றால் துணி. கதவு என்றால் மரம். காவலாளி என்றால் வாளேந்திய ஆள். இந்தக் காலத்தில் மூன்றும் ஒரு தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கின்றன. உயிர் ஊசலாடும் நேரத்தில் ஓர் ஏழை தன் அரசாங்கத்தின் வாசலைத் தட்டும் இடம் 108 என்னும் மூன்று இலக்கம்தான். தட்டியும் கதவு திறக்கவில்லையென்றால் யாரைக் கேட்பது? இயந்திரத்தையா, அதை அங்கே வைத்தவரையா? தொழுகையையும் நோன்பையும் பற்றிப் படிக்கும் பக்கத்தில் ஆம்புலன்ஸுக்கு என்ன வேலை என்று சகோதரர்கள் எண்ணிவிட வேண்டாம். அமானிதத்தைப் பற்றிய பேச்சை எடுத்துவிட்டால் தீனில் மிஞ்சுவது என்ன?

திருத்தணி மலைக்கு மேற்கே, ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தில் அம்மையார்குப்பம் இருக்கிறது. தறிச் சத்தம் ஓயாத நெசவாளர் ஊர். ஆந்திர எல்லை பக்கத்திலேயே. இந்தப் பகுதியே ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டத்தோடு இருந்து, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். கோடு காகிதத்தில் கிழிக்கப்பட்டது. ஆனால் கைப்பேசிக் கோபுரத்தின் அலைக்கு அந்தக் கோடு தெரியாது.

அவ்வூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. அத்தாவுக்கு நெஞ்சை அடைக்கிறது. மகன் 108-ஐ அழுத்துகிறான். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ, அந்தக் கோபுரம் எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ, அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கே அழைப்பு போகும். எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரம் என்றால் பேசும் குரல் தெலுங்கில் வரும். எல்லையோர மக்களுக்குத் தெலுங்கு தெரியாததல்ல, பேசிவிடலாம். ஆனால் எதிரில் இருப்பவரின் கணினித் திரையில் இருப்பது ஆந்திரத்து வண்டிகள். தமிழ்நாட்டு வண்டி எங்கே நிற்கிறதென்று அவருக்குத் தெரியாது. அழைப்பைச் சென்னைக்கு மாற்ற வேண்டும், அல்லது மறுபடி அழைக்கச் சொல்ல வேண்டும். சரியாகச் சென்னைக்கே போய்விட்டது என்றாலும் வேலை முடிந்துவிடவில்லை. தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்திலிருக்கும் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவர், தான் பார்த்தேயிராத ஓர் ஊரை, கதவிலக்கம் சரியாக இல்லாத ஒரு தெருவை, “பெரிய வேப்பமரத்துக்கு எதிர்ச்சந்து” என்ற அடையாளத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழகத்தில் ‘குப்பம்’ என்று முடியும் ஊர்கள் ஒன்றா இரண்டா? பிறகு பக்கத்தில் சும்மா நிற்கும் வண்டி எது என்று கணினி காட்டவேண்டும். காட்டுவது உண்மையாக இருக்கவேண்டும். ஓட்டுநருக்குச் செய்தி எட்டவேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் வாசலில் நிற்கும் மகனுக்குத் தெரிவது ஒன்றே: வண்டி வரவில்லை.

வந்த வண்டிகளை நாம் மறக்கலாகாது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கிய இந்த 108 சேவை, 2008 செப்டம்பரில் தமிழகத்துக்கு வந்தது. அதற்கு முன் கிராமத்துப் பெண் பிரசவ வலியில் மாட்டுவண்டியிலும், வாடகைக் கார்க்காரர் கேட்ட காசிலும் போனதை நம் வீட்டுத் தாய்மார்கள் அறிவார்கள். இன்று ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் காசு வாங்காமல் ஓடுகின்றன; ஏற்றிச்செல்லப்படுவோரில் கணிசமானவர்கள் கர்ப்பிணிகள். ராத்திரி பகல் பாராமல் ஓட்டுகிறவர்களுக்கும் உள்ளே உட்கார்ந்து முதலுதவி செய்கிறவர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஒரு ஆத்மாவை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்ற சூரத்துல் மாயிதாவின் வசனக் கருத்துக்கு இவர்களைவிட நெருக்கமானவர் யார்?

ஆனால் குறை நேரும்போது முதலில் அடிவாங்குவதும் இவர்கள்தாம். வண்டி தாமதம் என்றால் ஓட்டுநரின் சட்டையைப் பிடிக்கிறோம். போன் கிடைக்கவில்லையென்றால் எடுத்த பெண்பிள்ளையை ஏசுகிறோம். அந்தப் பெண் முன்னாலிருக்கும் கணினியை அவளா தேர்ந்தெடுத்தாள்? எந்த விலைக்கு, எவரிடம், எத்தனை நாள் சோதித்து வாங்கினார்கள் என்பது அவளுக்குத் தெரியுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், 1992-ல் லண்டன் மாநகரில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் வேறு இல்லை. சற்று விரிவாகவே சொல்கிறோம். வாசகர்கள் பொறுமையோடு படிக்கவேண்டும்.

சுமார் 600 சதுர மைல் பரப்புள்ள அம்மாநகரில், ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளைக் காகிதத்தில் எழுதி, வரைபடப் புத்தகத்தில் இடம் பார்த்து, ஓடும் பட்டையில் வைத்து அடுத்த மேஜைக்கு அனுப்பி, வானொலியில் வண்டியை அழைப்பார்கள். பழைய முறை, தாமதமும் உண்டு. கணினி மயமாக்க முதலில் செய்த முயற்சி 75 லட்சம் பவுன் செலவுக்குப் பிறகு 1990-ல் கைவிடப்பட்டது. 1991-ல் மறுபடியும் ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். 9 லட்சத்து 37 ஆயிரம் பவுன் சொச்சத்துக்குக் கேட்ட கூட்டு நிறுவனத்துக்கு வேலை கிடைத்தது. அதற்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் விலை இதைவிட ஏறத்தாழ 7 லட்சம் பவுன் அதிகம்! இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று நிறுத்தி யோசித்திருக்க வேண்டாமா? நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்க வரும் பண்டாரி மற்றவர் கேட்பதில் பாதி விலைக்கு ஒப்புக்கொண்டால், இறைச்சியில் என்ன செய்யப்போகிறான் என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். அங்கே கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. மென்பொருளை எழுத வேண்டிய நிறுவனமோ சிறியது. இத்தகைய வேலையில் அனுபவம் இல்லாதது.

குறித்த தேதி 1992 ஜனவரி. அது தவறியது. பகுதி பகுதியாக ஓட்டிப் பார்த்தார்கள்; கோளாறுகள் வந்தன. அக்டோபர் 26-ம் தேதி, அறியப்பட்டிருந்த 81 குறைகள் தீராமலே நிலுவையில் இருக்க, முழுச் சுமையோடு ஒரு தடவைகூடச் சோதித்துப் பாராமல், மாநகர் முழுவதற்கும் அதைத் திறந்துவிட்டார்கள். பழைய காகித முறையையும் அன்றே எடுத்துவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் உட்காரும் இடங்கள்கூட மாற்றப்பட்டன.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று கணினிக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரியாததால் ஒரே வீட்டுக்கு இரண்டு வண்டி போனது. வேறு வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, பார்ப்பதற்கு முன்பே மேலே ஓடி மறைந்தன. வண்டி வராதவர்கள் மறுபடி அழைத்தார்கள். அந்த அழைப்புகளும் சேர்ந்து சுமையை ஏற்றின. பக்கவாதம் கண்ட ஒருவருக்கு 11 மணி நேரம் கழித்து வண்டி போனதாக அன்றைய செய்திகள் கூறின. மறுநாள் பிற்பகல் பாதி பழைய முறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 விடியற்காலையில் எஞ்சியிருந்ததும் நின்றுபோயிற்று. மூன்று வாரத்துக்கு முன் மென்பொருள் எழுதியவர் கவனக்குறைவாக விட்டுச்சென்ற ஒரு துண்டு, ஒவ்வொரு வண்டி அனுப்பப்படும்போதும் கணினியின் நினைவகத்தில் சிறிதைத் தின்று தின்று, கடைசியில் இடமே இல்லாமல் செய்துவிட்டது. பதிலுக்கு எழுந்திருக்க வேண்டிய மாற்றுக் கணினியும் எழுந்திருக்கவில்லை.

விசாரணைக் குழுவின் அறிக்கை 1993 பிப்ரவரியில் வந்தது. அதில் நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான்: அக்டோபர் 26, 27 தேதிகளில் கணினி பழுதாகவில்லை என்றார்கள்! அது எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே வேலை செய்தது. செய்த விதம்தான் கேடானது. ஆட்களும் ஆயத்தமில்லை, அமைப்பும் ஆயத்தமில்லை, அவசரப்படுத்தியது நிர்வாகம். வண்டியோட்டுகிறவர்களிடமும் போன் எடுப்பவர்களிடமும் கலந்து செய்யவேண்டியதை, அவர்கள் தலைக்கு மேலே செய்தார்கள். அப்படியிருக்க, “தொழில்நுட்பக் கோளாறு” என்ற சொல்லுக்குள் எத்தனை மனிதர்களின் முடிவுகள் ஒளிந்திருக்கின்றன பார்த்தீர்களா?

நோய் தீர்க்கும் கலையில் அறியப்படாத ஒருவன் வைத்தியம் பார்த்துக் கேடு விளைந்தால் அவனே ஈட்டுப்பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதிலும் நஸாயீயிலும் ஒரு ஹதீது வருகிறது. ஃபுகஹாக்கள் இதை வைத்தியரோடு நிறுத்தவில்லை. தனக்குத் தெரியாத தொழிலை ஏற்றுக் கெடுப்பவனுக்கும் விரித்திருக்கிறார்கள். அதனினும் மேலே ஒரு படி போகவேண்டும் என்பது நம் கருத்து. தெரியாதவனைத் தேர்ந்தெடுத்து, மக்களின் உயிரை அவன் கையில் கொடுத்தவர் யார்? தகுதியற்றவரிடம் காரியம் ஒப்படைக்கப்படுவதே அமானிதம் பாழாவதன் அடையாளம் என்று புகாரியில் வரும் நபிமொழி, ஒப்படைத்தவரைப் பற்றியும் அல்லவா பேசுகிறது!

லண்டனில் அக்டோபர் 28 அன்றே ஆம்புலன்ஸ் சேவையின் தலைமை நிர்வாகி ஜான் வில்பி பதவி விலகினார். சுகாதார அமைச்சர் வர்ஜீனியா பாட்டம்லி விசாரணைக்கு உத்தரவிட்டார். 1995 வரை அமைச்சராகவே இருந்தார். காரியஸ்தர் போனார், எஜமானர் இருந்தார். எனினும் விசாரணை வெளியாட்களைக் கொண்டு நடந்தது. அறிக்கை அச்சாகி யாரும் வாங்கிப் படிக்கக் கிடைத்தது. அது சிறிய விஷயமல்ல. ஆனால் ஓர் அதிகாரியின் ராஜினாமா, வாசலில் காத்திருப்பவருக்கு வண்டியைக் கொண்டுவந்துவிடாது. 1994-ல் அதே நகரத்தின் கிழக்குப் பகுதியில், மருத்துவமனைக்கு மிக அருகில் குடியிருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் 11 வயதுச் சிறுமி, 53 நிமிடம் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்து இறந்தாள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதற்குப் பிறகே மறுபடியும் ஒரு விசாரணை, பணம், புதிய நிர்வாகம். 1996-ல் வந்த புதிய கணினி முறையை அவசரமில்லாமல், ஊழியர்களைக் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் செய்தார்கள். அது ஓடியது. இயந்திரம் என்பது ஆகாத பொருளல்ல என்பதற்கும் அதே ஊர்தான் சாட்சி.

நிற்க. இது வெள்ளைக்காரர் ஊர்க் கதை, நமக்கென்ன என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. அதே 1992-ம் ஆண்டு ஜூலையில், மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயம் அடைந்தார். கல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லையென்று திருப்பியனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார். பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி என்ற கூலித் தொழிலாளர் சங்கம் அவரோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1996 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஆபத்தில் வந்தவருக்கு உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும்; பணமில்லை என்று சொல்லி அரசு தப்பிக்க முடியாது; 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்றது நீதிமன்றம். அத்தோடு, எந்த மருத்துவமனையில் இடமிருக்கிறதென்று உடனே அறிந்து நோயாளியை அனுப்ப மாநில அளவில் ஒரு மையத் தகவல் தொடர்பு ஏற்பாடும், ஆம்புலன்ஸ் வசதியும் வேண்டுமென்றும் கூறியது. ஆகவே இந்த எண்ணும் இந்த அறையும் எந்தக் கட்சியும் நமக்குப் போட்ட பிச்சையல்ல. அரசு தீர்க்கவேண்டிய கடன்.

கடன் என்றால் கடன்காரர் யார் என்பதில் குழப்பம் இருக்கக்கூடாது. இங்கேதான் ஒரு சங்கடம். வண்டி அரசாங்கத்துடையது; நடத்துவது ஒப்பந்த நிறுவனம்; அழைப்பைக் கொண்டுவருவது தொலைபேசிக் கம்பெனி; கோபுரம் இன்னொருவருடையது. கோளாறு வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டலாம். 108-ஐ ஹைதராபாத்தில் தொடங்கிய அமைப்பின் பின்னால் இருந்தவர் சத்யம் கம்ப்யூட்டர்ஸின் ராமலிங்க ராஜு. தமிழகத்தில் சேவை தொடங்கி நான்கு மாதம்கூட ஆகாத 2009 ஜனவரியில், தம் நிறுவனத்தின் கணக்குகள் பொய் என்று அவரே எழுதிக் கொடுத்தார். பிறகு ஜி.வி.கே. குழுமம் அந்த அமைப்பை ஏற்றது. அல்ஹம்துலில்லாஹ், வண்டிகள் நிற்கவில்லை. ஆனால் ஒப்பந்தக்காரர் எந்த நேரத்திலும் மாறலாம், மறையலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? மாறாமல் நிற்கவேண்டியவர் ஒருவரே: மக்களின் வாக்கை வாங்கிப் பொறுப்பில் அமர்ந்தவர்.

உமர் (ரலி) அவர்களின் அந்தப் பிரசித்தமான வார்த்தையை மீலாது மேடைதோறும் கேட்கிறோம். இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும் அதைப்பற்றித் தம்மிடம் கேட்கப்படுமென அஞ்சினார்கள் என்பதோடு பேச்சாளர் நிறுத்திவிடுவார். கூட்டம் தக்பீர் முழங்கும். முழுச் செய்தியைப் பார்த்தால், “அதற்குப் பாதையை ஏன் செப்பனிட்டு வைக்கவில்லை” என்று கேட்கப்படுமே என்பதுதான் அவர்களுடைய அச்சம். விழுந்த கழுதையிடம் இரக்கம் காட்டினீரா என்பதல்ல கேள்வி. விழாமலிருக்க முன்கூட்டிச் செய்தது என்ன என்பதே. மதீனாவில் இருந்துகொண்டு இராக்கின் பாதைக்குப் பொறுப்பேற்ற அந்த மனத்துக்கு, சென்னையில் இருந்துகொண்டு எல்லையோரக் கோபுரத்துக்குப் பொறுப்பேற்பது கடினமாக இருந்திராது.

கூஃபாவின் ஆளுநர் ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி), சுவனத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர். கடைத்தெருவின் இரைச்சல் கேட்கிறதென்று தம் மாளிகைக்குக் கதவு வைத்தார் என்று மதீனாவுக்குச் செய்தி வந்தது. உமர் (ரலி) அவர்கள் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அவர் கூஃபாவுக்குப் போய், விறகு வாங்கி, அந்தக் கதவை எரித்துவிட்டுத் திரும்பினார் என்று தபரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கதவு வைத்த தச்சனைத் தேடவில்லை. வாயிற்காவலனை வேலையைவிட்டு நீக்கவில்லை. பின்னர் அதே ஸஃது (ரலி) மீது கூஃபாவாசிகள் சிலர் புகார் சொன்னபோது, அவர்களைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டு விசாரணை நடந்தது. எப்படி நடந்தது? ஆளனுப்பி, கூஃபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் போய், ஜமாஅத்தார் முன்னிலையில் ஸஃதைப் பற்றிக் கேட்டார்கள் என்று புகாரியில் இருக்கிறது. புகார் பொய்யென்று தெரிந்தது. திறமைக்குறைவாலோ துரோகத்தாலோ அவரை நீக்கவில்லை என்று உமர் (ரலி) தம் கடைசி நாளிலும் சொல்லிச் சென்றார்கள். விசாரணை பொறுப்பாளியை அவமதிப்பதல்ல. நிரபராதியானால் அவரைக் காப்பதும் அதுவே. அறைக்குள் ஒப்பந்தக்காரரும் அதிகாரியும் உட்கார்ந்து பேசி முடிப்பது விசாரணையாகாது. பள்ளி பள்ளியாக, தெருத் தெருவாக, அன்று போன் செய்து காத்திருந்தவரைக் கேட்கவேண்டும்.

2022 செப்டம்பர் கடைசியில் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 108 கட்டுப்பாட்டு அறையின் கணினி அமைப்பு பழுதாகி, மாநிலம் முழுவதும் சேவை தடுமாறியது. 104, 112 எண்களை அழைக்கும்படி மக்களுக்குச் சொன்னார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் கே. சுதாகர் விளக்கம் அளித்தார். பத்திரிகைகளில் இரண்டொரு நாள் வந்தது; பிறகு அடங்கிப்போயிற்று. மாற்று எண்ணை அறிவிப்பது நல்ல காரியம்தான். ஆனால் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவரின் வீட்டில் டெலிவிஷனா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அந்த மணி நேரங்களில் அழைத்துக் கிடைக்காதவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று வீடு தேடிப்போய்க் கேட்டு எழுதிய கணக்கல்லவா முதல் விளக்கம்?

அப்படிக் கணக்கெடுக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8 அன்று ஆப்டஸ் என்ற தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தது. அங்கே ஆபத்து எண் 000. அன்று அந்த எண்ணுக்கு முயன்றும் கிடைக்காதவர்கள் 2,145 பேர் என்று அரசின் கண்காணிப்பு அமைப்பு எண்ணிச் சொன்னது. அவர்களில் 369 பேரை நிறுவனம் பிறகு அழைத்து நலம் விசாரிக்கவில்லை என்பதையும் கண்டுபிடித்து, 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டவைத்தது. நாடாளுமன்ற மேலவைக் குழு நிறுவனத் தலைவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. சில நாளில் அவர் பதவி விலகினார். இவ்வளவுக்கும் பிறகு 2025 செப்டம்பரில் அதே நிறுவனத்தில், ஒரு புதுப்பிப்பு வேலையின்போது, மறுபடியும் 000 அழைப்புகள் கிடைக்காமல் போயின. உயிரிழப்புகளும் அத்தோடு சேர்த்துப் பேசப்பட்டன. அபராதமும் ராஜினாமாவும் போதாது. அடுத்தமுறை நேராமல் பார்க்கும் பொறுப்பு யாரிடம் என்று பெயர் குறிக்கப்படாதவரை கதை திரும்பத் திரும்ப நடக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு செய்தி உண்டு. தாகத்தால் தவித்த ஒருவர் ஒரு கூட்டத்தாரிடம் தண்ணீர் கேட்டார். அவர்கள் கொடுக்கவில்லை. அவர் இறந்துவிட்டார். உமர் (ரலி) அவர்கள் அக்கூட்டத்தார்மீது அவருடைய உயிருக்கான திய்யத்தை விதித்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அவர்கள் அவரை வெட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. கொடுக்க முடிந்ததைக் கொடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவே. இதைப் படித்த நமக்கு நெஞ்சு நடுங்குகிறது. ஏனெனில் இங்கே குற்றம் அமைச்சர் ஒருவரோடு நிற்கவில்லை, கூட்டத்தாரையே பிடிக்கிறது. ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது பர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் மற்றவர் கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே பாவத்தில் பங்கு கொள்ளும்.

ஆகையால் நம் பக்கத்துக் காரியத்தையும் பேசிவிடுவோம். 108-க்கு விளையாட்டாக அழைப்பதும், குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அது அழைப்பதைப் பார்த்துச் சிரிப்பதும், வேறொருவனுடைய தண்ணீரைத் தட்டிவிடுவது போன்றதே. வண்டிக்கு வழிவிடாமல் நிற்பதும் அப்படியே. இவை பெரும்பாலோருக்குத் தெரிந்தவை, நீட்ட வேண்டியதில்லை.

தெரியாதது கேட்கும் வழி. தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் பள்ளிவாசல் மதில், கபரஸ்தான் சுவர், தெருவிளக்கு என்று கேட்கிறோம். நல்லதுதான். ஆனால் “எங்கள் ஒன்றியத்தில் 108 அழைப்பு எங்கே போகிறது? எத்தனை நிமிடத்தில் வண்டி வருகிறது?” என்று எந்த ஜமாஅத்தாவது கேட்டதுண்டா? மதிலின்மேல் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம். வண்டி வந்து பிழைத்தவரின் நெற்றியில் யாரும் பெயர் எழுத முடியாது. அதனால்தானோ என்னவோ, அரசியல்வாதிக்கும் இதில் ஆர்வம் குறைவு. புது வண்டிகளுக்குக் கொடியசைக்க வருகிறார்கள். கட்டுப்பாட்டு அறையின் பழைய கணினியை மாற்றியதற்கு எவர் கொடியசைத்தார்?

கேட்பதும் முறையாக இருக்கவேண்டும். இன்னாருடைய ஆட்சியில் கெட்டது, இன்னாருடைய ஆட்சியில் நன்றாயிருந்தது என்ற கட்சிச் சண்டைக்கு மய்யித்தை எடுத்துக்கொண்டு போவது நமக்கு ஆகாது. ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நீதி தவறத் தூண்டிவிட வேண்டாம் என்பது அல்லாஹ்வின் கட்டளை. அது நமக்குப் பிடிக்காத கட்சிக்காரருக்கும் பொருந்தும். ஒப்பந்தம் எந்த ஆண்டு யார் கையெழுத்திட்டது, இயந்திரத்தைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, மாற்று ஏற்பாடு என்ன என்பவற்றைக் காகிதத்தில் கேட்டு வாங்கினால், குற்றம் தானே தன் இடத்தில் போய் நிற்கும்.

அதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தமிழிலேயே மனு எழுதலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். கேட்பது ஒருவரின் உயிரைப் பற்றியதானால் 48 மணி நேரத்தில் தரவேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. அம்மையார்குப்பத்திலோ, எல்லையோரத்தின் வேறோர் ஊரிலோ உள்ள நம்மவர்கள், மாற்றுமத அண்டைவீட்டாரையும் சேர்த்துக்கொண்டு (நெஞ்சுவலிக்கு மதமில்லை) ஒரு மனுப் போடலாம். சென்ற ஓராண்டில் ஆர்.கே.பேட்டை ஒன்றியத்திலிருந்து வந்த அழைப்புகள் எத்தனை? ஆந்திரக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மாற்றப்பட்டு வந்தவை எத்தனை? அழைத்ததிலிருந்து வண்டி சேர்ந்ததுவரை எத்தனை நிமிடம்? கட்டுப்பாட்டு அறையின் கணினியோ தொலைபேசி இணைப்போ நின்ற நேரங்கள் எவை, அந்த நேரத்தில் அழைத்தவர்களைப் பிறகு விசாரித்தார்களா? அது நின்றால் காகிதத்தில் வேலை செய்யும் பழக்கத்தைக் கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள்? எல்லைக் கோபுரங்கள் பற்றித் தொலைபேசி நிறுவனங்களுக்கு அரசு எழுதிய கடிதங்களின் நகல் எங்கே?

மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளோ கல்லூரி படிக்கும் பெண்மக்களோ எழுதிக் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு மேல்முறையீடு செய்யவேண்டும். மனுவின் நகல் ஒன்றைத் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டசபையில் சுகாதாரத் துறையின் மானியக் கோரிக்கை எடுத்துக்கொள்ளப்படும் நாளில், எழுந்து கேட்பதற்கு அவர் கையில் ஒரு காகிதம் இருக்கும்.